மேற்குப் பக்க வேர்

மரங்கள் சாய்ந்து அறுபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. சமையலறைக் கடிகாரம் காலை பத்தைக் காட்டியபோது அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்களைப் பரப்பி, பறக்காமலிருக்க உப்பு ஜாடியை மேலே வைத்திருந்தார். நில அலுவலக வாசலில் மேசை போட்டு இருபது வருடமாக ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவர். அடுத்தவர் துயரத்தை எழுதிப் பழகிய கை. சொந்தத் துயரம் கிடைத்ததும் வெளுத்து வாங்கியிருந்தார்.

"கேளு. 'மேற்படி டிராக்டர் ஓட்டுநர், மது அருந்திய நிலையில், எங்கள் சொல்லையும் மீறி, மரவரிசையின் இரு பக்கமும் வேர்களை அறுத்து, இருபத்து மூன்று தேக்கு மரங்கள் வீழவும், களையெடுத்த பெண்மணி இடுப்பு முறியவும் காரணமானார்.' எப்படி?"

"மது அருந்தினாரா? யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"அவர் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்ததை மட்டும்தான் எழுதணும்னா நான் என்னைக்கோ பட்டினி கிடந்திருப்பேன்." பேனாவை அவள் பக்கம் உருட்டினார். "நிலம் உன் பேர்ல இருக்கு. நீதான் கையெழுத்துப் போடணும். ஒண்ணு போலீசுக்கு, ஒண்ணு விவசாயிகள் சங்கத்துக்கு, ஒண்ணு நமக்கு. நாலு மணிக்குக் கூட்டம். இன்னையோட அந்த ஆளு இந்தப் பக்கம் எவன் நிலத்துலயும் வண்டிய இறக்கக் கூடாது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து போடறேங்க."

"கூட்டத்துலயே போடு. எல்லார் முன்னாடியும் போட்டா இன்னும் கனமா இருக்கும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்: இந்த மூன்று நாளில் அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரும் அவளிடம் எதையும் கேட்கவே இல்லை.

அவர்கள் நிலத்தில் ஆறு வரிசை தேக்கு நின்றது. வரிசைக்கும் வரிசைக்கும் நாற்பது அடி இடைவெளி. அந்த இடைவெளியில் மக்காச்சோளம், அடுத்த போகத்தில் பயறு. பதினொரு வருடத்துக்கு முன்னால் நட்டபோது ஊரில் சிரித்தார்கள். "வயலுக்குள்ள காடு வச்சிருக்கீங்களா, காட்டுக்குள்ள வயல் வச்சிருக்கீங்களா?" என்று வழியில் நிறுத்திக் கேட்டார்கள். மரம் காற்றைத் தடுத்தது, இலை உதிர்ந்து மண் மிருதுவானது, சிரித்தவர்களில் நாலு பேர் கன்று வாங்கிப் போய் நட்டார்கள்.

ஒரே ஒரு வேலையை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். நட்ட மூன்றாம் வருடத்திலிருந்தே, வருடா வருடம், வரிசையை ஒட்டி உளிக்கலப்பையை இறக்கி ஓட்ட வேண்டும். ஒற்றை இரும்புப் பல், இரண்டடி ஆழத்துக்கு மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும். பக்கவாட்டில் ஓடிவரும் இளவேர் அறுபட்டு, மரம் தன் வேரைக் கீழ்நோக்கி அனுப்பப் பழகிக்கொள்ளும். சோளத்துக்கும் மரத்துக்கும் தண்ணீரில் சண்டை வராது. கன்று கொடுத்தவர்கள் இதைப் படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒவ்வொரு வருடமும் வேறு ஒரு அவசரம் இருந்தது. ஒன்பது வருடம் போனதில் வேர்கள் முழங்கை கனத்துக்கு ஊறிவிட்டன. நடுவயலில் தோள் உயரம் வளர்ந்த சோளம் மரத்தோரம் நாலு சாலுக்கு முழங்காலோடு நின்றுபோனது.

இந்த வருடம் கலப்பையோடு வந்தவர்தான் கோட்டண்ணன். அவர் உழுத சாலில் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அதனால் ஊர் வைத்த பெயர் 'கோடு'. ஐந்து வரிசையை விட்டுவிட்டு, பயிரை அதிகம் வாட்டிய மூன்றாவது வரிசையின் கிழக்குப் பக்கம் மட்டும் ஆறடி தள்ளி ஓட்டினார். பிறகு வண்டியை அணைத்தார்.

"மேற்குப் பக்கம்?" என்று அவள் கேட்டாள்.

"அது ரெண்டு வருசம் கழிச்சும்மா. இங்க காத்து மேக்க இருந்துதான் வரும். காத்து வர்ற பக்கத்து வேருதான் மரத்தப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். இவ்வளவு ஊறினதுக்கு அப்புறம் ரெண்டையும் ஒண்ணா அறுத்தா அது மரமில்ல. நட்டு வச்ச குச்சி."

"விதைக்கணும்ணே. பாதி வயல் மறுபடியும் முழங்கால் சோளமா நிக்கும்."

"நின்னுட்டுப் போகட்டும். மரமும் நிக்கும்ல?"

பல் கழன்று ஆடுகிறது, நாளைக்கு ஆணி வாங்கி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கலப்பையை வரப்பில் விட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் தன் பழைய டிராக்டரில் அந்தக் கலப்பையை மாட்டினாள். கணவர் வெளியூர் போயிருந்தார். ஆடிய பல்லைக் கம்பி வைத்துக் கட்டினாள். மேற்குப் பக்கம், நாலடிகூட இல்லாத தூரத்தில், இருநூறு அடி நீளத்துக்கு ஓட்டினாள். மண்ணுக்கடியில் ஒவ்வொரு வேரும் அறுபடும்போது இருக்கை அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி பிடித்திருந்தது; வேலை நடக்கிறது என்று அர்த்தம். சால் பாம்பு போல வளைந்து கிடந்தது. அதைப் பார்த்து அவளே சிரித்துக்கொண்டாள்.

அதிலிருந்து இருபத்தாறாம் நாள் மாலை நாலு மணிக்கு மேற்கிலிருந்து தூறலோடு காற்று வந்தது. அவள் பம்ப் ஷெட் வாசலில் நின்றிருந்தாள். முதல் மரம் உட்கார இடம் தேடுகிறவனைப் போல மெதுவாகத்தான் சாய்ந்தது. அதன் அடியில் மண் பானை மூடி மாதிரி தூக்கிக்கொண்டது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. முறிகிற சத்தமே இல்லை. மொத்தமும் கிழக்கே படுத்து முடிக்க, ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் மரங்களுக்குக் கீழே இருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

ஓடிவந்தவர்கள் குழியில் வேர்முனைகளைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கத்தி வைத்து வெட்டியது போல இருந்தது. "இது கோடு வேலைடா" என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவள் வாயைத் திறக்க நினைத்தாள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்தது. அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வது முதல் நாளைவிடக் கடினமாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் பேச்சு அவளைக் கண்டதும் உரக்க எழுந்தது.

"வாங்கக்கா. அந்த ஆள சும்மா விடாதீங்க," என்றார் டீக்கடைக்காரர். "எனக்கு அப்பவே சந்தேகம். உங்க வயல உழுத அன்னைக்குக் காலைல இங்கதான் டீ குடிச்சாரு. கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து கிடந்துச்சு."

"என்னைக்கு?"

"அதான்க்கா, உழுத அன்னைக்கு."

"அன்னைக்கு நீங்க கடையே திறக்கலையே. உங்க மாமனார் காரியத்துக்குப் போயிருந்தீங்க."

டீக்கடைக்காரர் ஒரு நொடி ஆற்றுவதை நிறுத்தினார். "அப்ப முந்தின நாளா இருக்கும். செவந்திருந்துச்சு, அது நிச்சயம்."

பெஞ்சில் இருந்த இன்னொருவர் தலையாட்டினார். "எனக்கே ஒரு தடவ வாடை அடிச்சுது."

இவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. வாங்கிய கடனை நாள் தவறாமல் கொடுப்பவர்கள், வழியில் கிடந்த பர்ஸைத் தேடிக் கொண்டுவந்து தருபவர்கள். மூன்றே நாளில் நடக்காத ஒன்றை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். அவள் சொல்லாமல் விட்ட இடத்தில் இவர்கள் ஆளுக்கொரு கல் எடுத்து வைத்துக் கட்டடமே எழுப்பிவிட்டார்கள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் சிவப்பு டிராக்டர் நின்றது. கோட்டண்ணன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் அவரைக் கூப்பிட்டிருந்த மூன்று பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்து நடந்தாள். அவரே கூப்பிட்டார்.

"ரேடியோவப் பாக்கப் போறீங்களாம்மா?"

'ரேடியோ' என்பது அடிபட்ட பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர். களையெடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை வாய் ஓயாது. அவளுக்கு ஊரில் உறவு என்று அண்ணன் குடும்பம் மட்டும்தான்.

"ஆமாண்ணே."

வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். ஆரஞ்சுப் பழங்கள். "இத குடுத்துருங்க. நான் ரெண்டு நாளா போனேன். அதோட அண்ணங்காரன் வாசல்லயே நிறுத்திட்டான். அவன் கோவம் நியாயம்தானே."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். அது கல்லாகக் கனத்தது. "ஏண்ணே நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?"

"பேசினேனே. ஒரு பக்கம்தான் ஓட்டினேன்னு சொன்னேன். சிரிச்சாங்க." துணியை உதறி மடித்தார். "அதுக்கு மேல சொல்லணும்னா இன்னொருத்தர் பேரச் சொல்லணும். மறுநாள் கலப்பைய எடுக்க வந்தப்பவே அந்தச் சாலப் பாத்தேன். கோணலும் மாணலுமா. யாரு ஓட்டினதுன்னு தெரியாமலா இருக்கும்? ஆனா அது என் வாயால எதுக்கும்மா வரணும்?"

அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் மேலயும் தப்பிருக்கு. இரும்ப அங்க விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. அன்னைக்கு நீங்க இல்ல, ரேடியோதான் இருந்துச்சு. காத்தடிச்சா அந்த வரிசைக்குக் கீழ யாரையும் நிக்க விட வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன். மறந்துருச்சு போல. பாவம், கடைசில அதுவே போயி மாட்டிக்கிச்சு."

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். ரேடியோ மறக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.

மருத்துவமனையில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். ரேடியோவின் வலது காலை ஒரு கயிறும் எடைக்கல்லும் இழுத்துப் பிடித்திருந்தன. நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மூணு நாளா ஒரு வார்த்த பேசல. பயந்து போயி பேச்சு நின்னுருச்சுன்னு டாக்டர் நினைக்கிறாரு. நேத்து போலீஸ் வந்தப்பவும் கண்ண மூடிக்கிட்டாங்க."

நர்ஸ் போனதும் ரேடியோ கண்ணைத் திறந்தாள்.

"அந்தத் திரைய இழுத்து விடுங்கக்கா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பேச வருதா உனக்கு!"

"வராம என்ன? மரம் இடுப்புலதான் விழுந்துச்சு, நாக்குலயா விழுந்துச்சு?"

"பின்ன ஏன்டீ..."

"வாயத் தொறந்தா முழுசா வந்துரும். பாதில நிறுத்த எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும்." ரேடியோ மேற்கூரையைப் பார்த்துப் பேசினாள். "ஆறு மாசம் குனியக் கூடாதாம். ஆறு மாசம் கழிச்சு இந்த இடுப்புக்கு எவன் வேல குடுப்பான்? உங்க வயல விட்டா எனக்கு வேற ஏது? உங்களப் பத்தி ஒரு வார்த்த வெளிய வந்துட்டா அதுவும் போச்சு. அதான் ஊமையாயிட்டேன். கஷ்டமாத்தான் இருக்கு. பக்கத்துக் கட்டில் அம்மா மருமகளப் பத்தி என்னென்னமோ சொல்லுது, எனக்குப் பதில் சொல்லாம வாய் அரிக்குது."

சிரிக்க வேண்டிய இடம். அவளால் முடியவில்லை. ஒரு மனுஷி இடுப்பு முறிந்து கிடக்கும்போதுகூடத் தன்னைப் பார்த்துப் பயந்து நாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பார்த்து யாரும் பயப்படக்கூடும் என்றே அவள் இதுவரை நினைத்ததில்லை. கூலியைச் சரியாகக் கொடுப்பவள், வெயில் நேரத்தில் மோர் அனுப்புகிறவள் என்றுதான் தன்னை நினைத்திருந்தாள்.

"இது யாரு வாங்கினது?" ரேடியோ பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கோட்டண்ணன்."

ரேடியோ ஒரு பழத்தை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். கண்ணீர் காதோரம் இறங்கித் தலையணையை நனைத்தது.

"அவரும் வாய மூடிக்கிட்டுக் கிடக்காரு, நானும் மூடிக்கிட்டுக் கிடக்கேன். அவரு மரியாதைக்கு. நான் வயித்துக்கு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க எதுக்குக்கா?"

அவள் திரையை விலக்கிவிட்டுக் கிளம்பினாள்.

சங்கக் கட்டடத்தில் ஐம்பது நாற்காலி. எழுபது பேர் வந்திருந்தார்கள். சுவரோரம் விதைப் புட்டிகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே கோட்டண்ணன் நின்றார். உட்காரச் சொல்லி யாரும் அவருக்கு நாற்காலி நகர்த்தவில்லை. ரேடியோவின் அண்ணன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கி மனுவைப் படித்தார். 'மது அருந்திய நிலையில்' வந்தபோது பின்னாலிருந்து "அப்படிப் போடு" என்று ஒரு குரல். கணவர் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார், கைதட்டலுக்குக் காத்திருக்கிற பாடகரைப் போல.

"கோடு, நீ ஏதாவது சொல்றியா?"

"ஒரு பக்கம்தான் ஓட்டினேங்க."

"அப்ப இன்னொரு பக்கம் யாரு, ஆவியா வந்து ஓட்டிச்சு?"

சிரிப்பு அடங்க நேரமானது. செயலாளர் தாளை அவள் பக்கம் தள்ளினார். கணவர் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. அவள் பேனாவை வாங்கவில்லை. எழுந்து நின்றாள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் அவள் பேசியதே இல்லை.

"கிழக்குப் பக்கம் ஓட்டினது அவரு. ஆறடி தள்ளி, நேரா ஓட்டினாரு. மேக்குப் பக்கம் ஓட்டாதீங்கன்னும் சொன்னாரு. மறுநாள் எங்க வண்டில அவர் கலப்பைய மாட்டி மேக்குப் பக்கம் ஓட்டினது நான்."

கணவரின் கையிலிருந்து பேனா மூடி விழுந்து உருண்டது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வீட்டுக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்டது போன்ற திகைப்பு.

முதலில் சுதாரித்தவரும் அவர்தான். இருபது வருட வழக்கம். "தெரியாமச் செஞ்சிருக்கா," என்று எழுந்தார். "பயிர் மேல இருக்கற அக்கறைல... பொம்பளை, விவரம் தெரியாம... ஆபத்துன்னு அதுக்கப்புறம் யாராவது எச்சரிச்சிருந்தா ஆளை அந்தப் பக்கம் விட்டிருப்பாளா?"

"அதானே," என்றார் செயலாளர். அவர் குரல் பஞ்சாக மாறியிருந்தது. "விடுங்கம்மா. கவனக்குறைவு. யாருக்கும் நடக்கறதுதான். நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது பெரிய மனசு."

"பெரிய மனசு," என்று டீக்கடைக்காரர் வழிமொழிந்தார். ரேடியோவின் அண்ணன்கூடக் கட்டிய கையை அவிழ்த்திருந்தார்.

அடிவிழும் என்று முகத்தைக் கொடுத்தவளுக்கு மாலை விழுகிறது. கோட்டண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சரித்தேன் என்று அவர் சொல்லப்போவதில்லை. ரேடியோ மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு, அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று இதையும் விழுங்கப்போகிறார். இப்போது உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எல்லோரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போகலாம்.

"நான் இன்னும் முடிக்கல," என்றாள். "பத்து நிமிசம் முன்னாடி வரைக்கும் இது போலீசுக்குப் போற குத்தம். குடிகாரன் செஞ்சது. நான் செஞ்சேன்னு சொன்னதும் கவனக்குறைவாயிருச்சா? அறுத்த வேர் அதேதான். விழுந்த மரம் அதேதான். கூலிக்கு வர்றவர் கையில இருந்தா குத்தம், நிலம் வச்சிருக்கறவ கையில இருந்தா தவறு. இப்படி ரெண்டு தராசு வச்சுக்கிட்டு நாம நியாயம் பேசறோம். இத மாத்தலன்னா நாம எத்தன மரம் நட்டும் ஒண்ணும் உருப்படாது."

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "போதும்மா, உக்காரு."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ரேடியோவின் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"காத்தடிச்சா அந்த வரிசைக்குக் கீழ யாரும் நிக்க வேண்டாம்னு கோட்டண்ணன் சொல்லி அனுப்பினாரு. உங்க தங்கச்சி மறக்கல. அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லுச்சு. மூணு நாள் முன்னாடி தூறல் ஆரம்பிச்சதும் அது களக்கொத்தத் தூக்கிக்கிட்டு பம்ப் ஷெட்டுக்குத்தான் வந்துச்சு. பாக்கி ரெண்டு சால்தான் இருந்துது. 'இங்க வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிட்டு நாளைக்குத்தான் வருவ, மரத்துக்குக் கீழயே நில்லு, தூறல் விட்டதும் முடிச்சிரலாம்'னு அதத் திருப்பி அனுப்பினது நான்."